தகட்டில் வெளுக்காத மணல்

பூச்சோங் ஈயக்குட்டையை ஒட்டிய ஓடையில் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஜோடியாக ஈயம் அரிப்போம். மரத்தட்டில் மணலை அள்ளி நீரில் சுழற்றினால் லேசானது ஓடிவிடும். கனமான ஈயம் அடியில் தங்கும். கூடவே ஒரு சனியனும் தங்கும், தேன் நிறத்தில் மினுக்கும் பொடிமணிகளாக. அதற்குச் சிர்கான் என்று பெயர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. அன்று எங்களுக்கு அது ‘அமாங்’, வெறும் கழிவு. மலைப்பாறைக்குள் ஈயத்தோடு பிறந்து, பாறை உதிர்ந்ததும் மழையில் ஈயத்தோடே இறங்கி வந்தது. மணலைவிடக் கனம், ஈயத்தைவிட லேசு. கடைசி அலசலில் கை கொஞ்சம் அசந்தாலும் போகாது.

அந்தக் கடைசி அலசலை ஜோடிக்காரிதான் செய்வாள். குனிந்தே கண் பூத்துப்போனவளுக்குத் தன் தட்டு சரியாகத் தெரியாதாம். அப்படி ஒரு வழக்கம். என் தட்டை அக்கா, அக்கா தட்டை நான். உலர்த்திப் பையில் கட்டுவதுவரை. நான் ஒருநாளும் என் பையை அவிழ்த்துப் பார்த்ததில்லை. பார்த்தால் அவளைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

என் புருஷன் மரம் விழுந்து படுத்த படுக்கை. அரிக்கும் லைசென்ஸ் என் பெயரில் இருந்ததால்தான் அடுப்பு எரிந்தது. கலப்படம் பிடிபட்டால் அது போய்விடும்.

ஒருநாள் ஈயம் வாங்கும் சீன முதலாளி, தவுக்கே, என் பைக்குள் கைவிட்டு அளைந்தார். முகம் மாறியது. கலப்பே இல்லை என்று பத்துமலை முருகன் மேல் சத்தியம் செய்தேன். அவர் ஒரு சிட்டிகையைத் துத்தநாகத் தகட்டில் பரப்பி அமிலம் ஊற்றினார். ஈயமணி என்றால் சற்று நேரத்தில் வெள்ளி பூசியதுபோல் வெளுக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளுத்தது. மற்றதெல்லாம் தேன் நிறத்தில் அப்படியே கிடந்தது. சிர்கானை அந்த அமிலம் ஒன்றும் செய்யாது.

அடுத்து அக்காவின் பை. ஒரு மணி விடாமல் வெளுத்தது. கழிவுமேட்டு அமாங்கை என் பையில் கொட்டிவிட்டு, என் ஈயத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டிருக்கிறாள் நெஞ்சழுத்தக்காரி. வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“ஏன் தங்கச்சி இப்படிப் பண்ணுன? இல்லன்னு கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்லா.”

பையைக் கட்டியது அவள் கைதான் என்று கத்தினேன். சுற்றி நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவரவர் பையும் ஜோடிக்காரி கட்டியதுதானே. என்னை நம்பினால் தங்கள் பையை அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். என்னைத் திருடி என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

லைசென்ஸ் போயிற்று. அன்று சாயங்காலமே அக்கா ஒரு படி அரிசி கொடுத்தனுப்பினாள். அதை அவள் முகத்தில் வீசியிருக்க வேண்டும். வீட்டில் அரிசி இல்லை. களைந்து உலையில் போட்டேன்.