மேஸ்திரி அடித்த வெண்ணெய்

அந்தத் தெருவில் மேஸ்திரி என்றால் ஒருத்தர்தான். சுற்றுவட்டாரத்தில் பாதிச் சுவர் அவர் பூசியது. தூக்குக்குண்டு போடாமலே சுவர் சாய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். சாய்ந்திருந்தால் கட்டினவனையும் சேர்த்து நாலு வார்த்தை சொல்லுவார். வேலை இடத்தில் வாய் அப்படி. வீட்டுக்குள் காலை வைத்துவிட்டால் அந்த வாயும் கிடையாது. ‘ம்’, ‘இல்ல’, ‘வை’, ‘எடு’. இதை வைத்தே ஒரு குடும்பத்தை நடத்திவிட்ட மனுஷன்.

அவர் வாய் திறக்க ஒரே வழி, மடியில் வெண்ணெய்ச் சட்டியைக் கொடுப்பதுதான்.

அவர் மனைவி வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுப்பாள். தெருவே அவளைக் கேக்கக்கா என்றுதான் கூப்பிடும். மகள் சின்னவளாக இருந்தபோது ஆரம்பித்த வேலை. முதல் கேக் எப்படி வந்தது என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மேஸ்திரி அதைக் கையில் வாங்கினார், திருப்பினார், விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

“நல்லாச் சூளையில வெந்திருக்கு. ரெண்டு மாடிக்குத் தாங்கும்.”

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போனவளின் தோள் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோயிருந்தது. அடுத்த தடவை அவள் சட்டியோடு உட்கார்ந்ததும், வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்து கையை நீட்டினார்.

“குடு இங்க.”

“உங்களுக்கு இது வராதுங்க. ஒரே பக்கமா அடிக்கணும்.”

“பொழுதுக்கும் கலவை போடுறவன்கிட்ட வந்து அடிக்கத் தெரியாதுன்றியா? குடுன்றேன்ல.”

அன்றைக்குப் பிடித்த மரக்கரண்டிதான். வெண்ணெய்க் கேக்கின் சூட்சுமம் இந்த அடிப்பில்தான் இருக்கிறது. வெண்ணெய் எவ்வளவோ சர்க்கரையும் அவ்வளவு, மாவும் முட்டையும் அதே எடை. இத்தனை கொழுப்பைத் தூக்கி நிறுத்தக் காற்று வேண்டும், அந்தக் காற்று அடிக்கிறவன் கை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். மஞ்சளாக இருக்கிற வெண்ணெய் அடிக்க அடிக்க வெளுக்கும், சர்க்கரையின் நறநறப்பு அடங்கும், பொங்கிச் சட்டியில் பாதிக்கு ஏறும். அப்போது ஒவ்வொரு முட்டையாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் திரிந்துபோகும். பதம் வந்ததும் மேஸ்திரி கரண்டியைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டுவார். ஒரு சொட்டு விழாது.

“பார்த்துக்க. செவுத்துல பூசினாலும் நிக்கும்.”

“செவுத்துல பூசுங்க, எறும்புக்கு யார் பதில் சொல்றது?” என்பாள் கேக்கக்கா.

அந்த நேரத்தில்தான் அவர் பேசுவார். கை ஓடிக்கொண்டிருந்தால் வாயும் ஓடும். எந்த சித்தாள் யாரோடு கோபித்துக்கொண்டாள், எந்த வீட்டுக்காரன் மணலைப் பார்த்து முகத்தைச் சுளித்தான், எல்லாம் வரும். மகளை எங்கே கொடுப்பது, கூரையை எப்போது மாற்றுவது என்று அந்த வீட்டில் முடிவான காரியமெல்லாம் அந்தச் சட்டியைச் சுற்றி முடிவானதுதான். கரண்டியைக் கீழே வைத்ததும் பழையபடி ‘ம்’.

கேக் வெந்து ஆறியதும் மேலே உப்பிய முகட்டைக் கத்தியால் சீவி அவள் அவருக்குக் கொடுப்பாள். தின்றுவிட்டு விரலை நக்குவார். அதுதான் அவர் கூலி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனுஷனுக்கு ஒருநாள் காலையில் டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். பேச்சு திரும்பியது. கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. வலது கை மட்டும் விழுந்தது விழுந்ததுதான். தோளிலிருந்து யாரோ கழற்றி மாட்டிய மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம், “உயிர் தப்பிச்சதே, அது போதும் மேஸ்திரி” என்றார்கள். மேஸ்திரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவர் பூசிய சுவர்.

மகள் வந்தபோது ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். கேக் அடிக்கிற மிஷின். “அம்மா, இனிமே இதுல அடிம்மா. சுவிட்சைப் போட்டா அதுபாட்டுக்கு அடிக்கும்.”

கேக்கக்கா கட்டிலைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்து, “அதெல்லாம் கை மாதிரி வராதுடி” என்று சொல்லிப் பெட்டியைப் பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அன்றைக்குத்தான் மேஸ்திரி எழுந்து உட்கார்ந்தார்.

“சட்டியைக் கொண்டா.”

“என்னங்க நீங்க...”

“எடது கை இருக்குல்ல. கொண்டா.”

சட்டிக்கு அடியில் ஈரத்துணி வைத்து இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். இடது கை பிறந்ததிலிருந்து செங்கல்லைப் பிடித்துக் கொடுத்த கையே தவிர கரண்டி பிடித்த கை இல்லை. வியர்வை சட்டிக்குள் விழாமல் இருக்க அவள் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நெடுநேரம் அடித்தார். கரண்டியைத் தூக்கிக் காட்டத் தெம்பில்லை. “போதுமா பாரு” என்றார்.

அவள் எட்டிப் பார்த்தாள். “அப்படியே இருக்குங்க. உங்க பழைய கை மாதிரியே.”

அதற்குப் பிறகு வாராவாரம் ஆர்டர் வரும், வாராவாரம் அவர் காலையில் அடிப்பார். மத்தியானம் வீடு முழுக்க வெண்ணெய் மணக்கும். சாயங்காலமானால் அவள் செருப்பை எடுத்து வாசலில் வைப்பாள். “டாக்டர் நடக்கச் சொன்னாருல்ல, போய்ட்டு மெதுவா வாங்க.” முகடு மட்டும் இப்போது கிடைப்பதில்லை. “வெண்ணெய் உங்களுக்கு ஆகாதுன்னுட்டாங்க” என்றாள். அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டார்.

ஒருநாள் டீக்கடையில் கடிகாரக்காரர், முக்கில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர், சத்தமாகச் சொன்னார்: “மேஸ்திரி, போன வாரம் பேத்திக்கு வாங்கின கேக்கு... பஞ்சுய்யா பஞ்சு. வாயில வைக்கிறதுக்குள்ள காணோம்.”

மேஸ்திரி இடது கையை உயர்த்தினார். கடை முழுக்கப் பார்க்கிற மாதிரி ஒரு திருப்புத் திருப்பிக் காட்டினார்.

“எல்லாம் இந்தக் கைதான். வலது கைக்கு இத்தனை நாளா இது சித்தாளா இருந்துச்சு. இப்ப மேஸ்திரி ஆயிருச்சு.”

கடை சிரித்தது. கடிகாரக்காரர் அவருக்கும் சேர்த்து டீ சொன்னார். அன்றைக்கு மேஸ்திரி தெருவில் நடந்து வந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். இழுத்துக்கொண்டு வந்த காலுக்குக்கூட ஒரு மிடுக்கு இருந்தது.

பிறகொரு சாயங்காலம், குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மேஸ்திரி பின்சந்து வழியாக நடந்தார். சந்தின் கடைசியில் கோழி வளர்க்கிற அம்மா ஒரு பேசினை மடியில் வைத்துக்கொண்டு எதையோ பிட்டுப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு கொத்தின.

மேஸ்திரி நின்றார். மணம் அவருக்குத் தெரிந்த மணம்.

“என்னம்மா போடுற கோழிக்கு?”

“வாங்க மேஸ்திரி. உங்க வீட்டுக் கேக்குதான்.” அவள் கள்ளம் கபடம் இல்லாமல் சிரித்தாள். “கேக்கக்கா குடுக்கும். வாரத்துக்கு ஒண்ணு அதுக்குச் சரியா வர மாட்டேங்குதாம். அடுத்து ஒண்ணு செய்யுமாம், அது நல்லா வந்துருமாம். தூக்கிப் போட மனசு வராம இங்க கொண்டாந்து குடுக்குது. பாருங்க என் கோழிங்களை! நடக்க முடியாம கொழுத்துப்போய்க் கிடக்குதுங்க.”

“எத்தனை நாளா?”

“நீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பிறகுதான். அதுக்கு முன்னாடி ஒண்ணுகூடக் குடுத்ததில்ல. கஷ்டத்துல கைப்பக்குவம் போயிருச்சு போல, பாவம்.”

மேஸ்திரி குனிந்து பேசினிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். அடிப்பக்கத்தில் மெழுகு மாதிரி ஒரு ஈரக்கோடு. மேலே உப்பவே இல்லை. வாயில் போட்டார். சர்க்கரை பல்லில் நறநறத்தது. வெண்ணெய் கரையாமல் மேல் அண்ணத்தில் போய் அப்பிக்கொண்டது.

“ஐயே, கோழிக்கு வச்சதை ஏன் மேஸ்திரி...” என்றாள் அந்த அம்மா.

அவர் மென்று விழுங்கினார்.

நடையைப் பாதியில் விட்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை அவர் அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் என்ன சத்தம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவைத் தட்டக் கை போனது, பாதியில் நின்றது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். நடு நடுவே சத்தம் நிற்கும். முட்டை உடைக்கிறாள். மறுபடி ஓடும். அவர் காலையில் அரைப்பொழுது மல்லுக்கட்டியதை அது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டது. திரும்பி முக்குவரைக்கும் நடந்தார். அவளுக்குக் கேட்கிற மாதிரி இருமிக்கொண்டே திரும்பி வந்தார்.

“என்னங்க, இன்னிக்கு இவ்ளோ நேரம்?” அவள் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது.

“ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான்.”

இரவு சாப்பாட்டைப் பாதியில் வைத்தார். அவள் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

அடுத்த ஆர்டர் கடிகாரக்காரருடையது. காலையில் கேக்கக்கா வழக்கம்போல் சட்டியும் ஈரத்துணியுமாக வந்தாள். மேஸ்திரி தரையில் உட்கார்ந்து காலால் கட்டிலுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தார். பெட்டி வெளியே வந்தது. ஒயரில் காய்ந்த மாவு ஒட்டியிருந்தது.

“இதுலயே அடி.”

அவள் சட்டியோடு அப்படியே நின்றாள். “யாருங்க சொன்னா?”

“கோழி சொல்லுச்சு.”

அவளுக்கு முகம் ஒரு மாதிரி போய்விட்டது. சிரிப்பு வந்த மாதிரிதான் ஆரம்பித்தது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க எந்திரிச்சு உட்கார்ந்ததே அந்தச் சட்டிக்காகத்தான். அதைப் புடுங்கிட்டா மறுபடி செவுத்தப் பார்த்துப் படுத்துருவீங்கன்னு பயந்தேன்.”

“அதுக்காக வெண்ணெயையா கோழிக்குப் போடுவ?”

“போனாப் போகுது.”

“போகுதா? டீக்கடையில கையைத் தூக்கிக் காட்டிட்டு வந்தேன்டி. அத்தனை பேர் முன்னாடி.”

அவள் ஈரத்துணியை மடித்து ஓரமாக வைத்தாள். “மாவு போட்டு மடிக்கிறப்ப மட்டும் நீங்க செய்யுங்க. அதுக்கு மிஷின் ஆகாது” என்றாள்.

“எனக்கு வேலை குடுக்காத,” என்றார் மேஸ்திரி. “வேலை இல்லாதவனுக்கு இரக்கப்பட்டுக் குடுக்குற வேலையை நானே எத்தனை பேருக்குக் குடுத்திருக்கேன். எனக்குத் தெரியும் அது.”

அன்றைக்கு அவள் மிஷினில் அடித்தாள். அவர் அதே இடத்தில், வெறும் மடியோடு உட்கார்ந்து பார்த்தார். அவள் நடுவில் ஏதோ சொன்னாள். இரைச்சலில் கேட்கவில்லை. “என்ன?” என்றார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள்.

கேக் வெந்து ஆறியது. டாக்டர் சொன்னதை மறந்தவள் மாதிரி முகட்டைச் சீவித் தட்டில் வைத்தாள். மேஸ்திரி தின்றார். சுவரைத் தடவிப் பார்க்கிற மாதிரி நிதானமாக, ஒரு குறையும் விடாமல் தேடித் தின்றார்.

“உங்க கை மாதிரி வராதுங்க,” என்றாள் அவள்.

“வந்திருக்கு,” என்றார். “எனக்குக் கை நல்லா இருந்தப்பகூட இப்படி வந்ததில்ல.”

அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கடிகாரக்காரர் கேக் வாங்க வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்து, மூக்கை உள்ளே விட்டு மோந்தார்.

“மேஸ்திரி, அந்த எடது கையை இப்படிக் காட்டுங்க. தொட்டுக் கும்பிட்டுக்கிறேன்.”

மேஸ்திரி நாற்காலியை விட்டு எழுந்தார். அவருக்கு எழுந்திருக்க நேரமாகும். எழுந்து நேராக நின்றுகொண்டார்.

“நான் அடிக்கல. மிஷின் அடிச்சது. இதுக்கு முன்னாடி வாங்கினீங்களே, அதுவும் மிஷின்தான்.”

கடிகாரக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. பிறகு அந்த மனுஷன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“மிஷினா? சரிதான் போங்க! இவ்ளோ நடந்தும் இந்தக் குசும்பு மட்டும் போகல பாரு உங்களுக்கு.”

“நெசமாத்தான் சொல்றேன்.”

“சரி சரி, மிஷினுக்கு நான் கும்பிடு போட்டேன்னு சொல்லுங்க.”

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே படியிறங்கினார். தெருவில் எதிரே வந்தவரிடமும் அதைச் சொல்லியிருக்க வேண்டும், அங்கேயும் ஒரு சிரிப்புக் கேட்டது. மேஸ்திரி இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கடிகாரக்காரர் முக்குத் திரும்பிவிட்டார்.