ஒப்பீட்டு ஊருக்குப் போன ஐஸ் பெட்டிகள்

சிதம்பரத்தில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலை வந்தது. கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில், மீன் விற்கும் பெண்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் ஆளுக்கு இரண்டு ஐஸ் பெட்டி கொடுத்திருந்தது. பயன் உண்டா என்று நான் அளந்து சொல்ல வேண்டும். உண்டென்றால் அடுத்தடுத்த ஊர்களுக்கும் பெட்டி போகும். இல்லையென்றால் திட்டம் நிற்கும்.

பெட்டி வாங்கிய ஊரை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வருடம் மார்க்கெட்டே நன்றாக இருந்திருக்கலாம். ஆகவே பெட்டி கிடைக்காத இன்னோர் ஊரையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பெட்டியின் பயன் என்று சொல்ல வேண்டும். இரண்டு ஊரும் ஒன்றுபோல் இருப்பது முக்கியம். தேடிப் பிடித்தேன்: அதே கடல், அதே வலை, அதே சமூகம், நடந்து போகும் தூரம். அந்தத் தேர்வில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒரு வருடம் கழித்து அளந்தோம். விற்காமல் கருவாட்டுக்குப் போகும் மீன் முதல் ஊரில் நன்றாகக் குறைந்திருந்தது. ஒப்பீட்டு ஊரிலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது. வித்தியாசம் இல்லை.

காரணம் புரியாமல் ஒப்பீட்டு ஊருக்குப் போனேன். ஒரு வீட்டு வாசலில் அதே நீலப் பெட்டி. எப்படி வந்தது என்று அந்த வீட்டு மருமகளைக் கேட்டேன்.

"எங்கம்மா குடுத்துச்சு சார். ஆடிக்கு அழச்சிக்கினு போனாங்க இல்ல, வரும்போது சீரோட சேத்து அனுப்பிச்சாங்க."

பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள். "இவ மாமியா லேசுப்பட்டவ இல்ல சார். எனக்குப் பெட்டி வந்தத பாத்துட்டு, உங்க ஆத்தா உனக்கு என்னா குடுத்தான்னு கேட்டே வாங்கிட்டா."

தெருவில் பல வீடுகளில் பெட்டி இருந்தது. ஒன்றுபோல் இருக்கும் பக்கத்து ஊர்கள்தான் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும். இது எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டி இரண்டு ஊரிலும் வேலை செய்திருக்கிறது.

அதை எழுதியிருக்கலாம். எழுதினால், ஊரைத் தேர்ந்தெடுத்ததே தவறு என்று என்னோடு வேலை பார்த்த பழைய மாணவர்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். 'குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அறிக்கையில் ஓர் எண்கூடப் பொய் இல்லை. திட்டம் நின்றது.

அடுத்ததாகப் பெட்டி கிடைக்கவேண்டிய ஊரைச் சேர்ந்த ஒரு பெண்மணி திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்பவர். என்னைக் கண்டால், "பெட்டி எப்ப சார் வரும்?" என்பார். "பாக்குறாங்கம்மா" என்று சொல்லி நகர்வேன். பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டேன்.

சென்ற மாசியில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப பெட்டி நல்ல பெட்டிதான்?"

"நல்ல பெட்டிதாம்மா."

"அது எங்களுக்கே தெரியுமே. அதச் சொல்லவா உன்ன வெச்சாங்க?"

மீனைப் புரட்டி வைத்துவிட்டு அவரே மேலே பேசினார்.

"சரி, அத எழுதிக் குடு. இப்பத் தள்ளி நில்லு சார், வெயில் ஏறுது, வந்த வெலைக்குத் தள்ளணும்."

அந்த வாரமே என் தவறை முதல் பக்கத்தில் வைத்து நிறுவனத்துக்கு எழுதினேன். இந்த வட்டாரத்தில் இப்போது வேலை செய்வதில்லை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. அதை அவரிடம் இன்னும் போய்ச் சொல்லவில்லை.