புள்ளிகளில் அவள் முகம்

பல வருஷம் என்னோடு தங்கியிருந்த தோழி கல்யாணம் ஆகிப் போனபின், வேலப்பன்சாவடி ஃப்ளாட்டில் நான் மட்டும் மிஞ்சினேன். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. சில நாள் சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கும்போதுதான் வாயையே திறப்பேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கும்.

அப்போதுதான் கம்ப்யூட்டரில் டிதரிங் கற்க உட்கார்ந்தேன். வெறும் கறுப்புப் புள்ளியையும் வெள்ளைப் புள்ளியையும் வைத்து, நடுவில் சாம்பல் நிறமும் இருப்பதாகக் கண்ணை நம்பவைக்கும் வித்தை. பழகுவதற்கு அவள் போட்டோவைத்தான் எடுத்தேன். வேறு யார் போட்டோ இருக்கிறது என்னிடம்? முதலில் வந்தது முகமே இல்லை, மை கொட்டிய திட்டு. ஒரு புள்ளியைக் கறுப்பாக்கினால் அதில் மிஞ்சும் வெளிச்சத்தைப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நான் அதை அப்படியே விட்டிருந்தேன். திருத்தியதும் அவள் கன்னக்குழி வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சீ.

சனிக்கிழமை தன் மிக்ஸியை எடுத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தாள். படத்தைப் பார்த்தால் உட்காருவாள், ஒருவேளை சாப்பிட்டுவிட்டும் போவாள். அந்த ஆசையில்தான் பெரிதாகப் பிரிண்ட் போடப் போனேன். ஜெராக்ஸ் கடைக்காரர் பதறிவிட்டார்.

"அய்ய, இன்னாமா இது, புள்ளி புள்ளியா கீது! மிஷின் மக்கர் பண்ணுது. இரு, வேற போட்டுத் தரேன்."

"அது அப்படித்தான் அண்ணா."

அரை மனசோடு சுருட்டிக் கொடுத்தார்.

எங்களுடையது வராந்தாவின் கடைசி வீடு. வாசலை ஒட்டி, மறுகோடி லிஃப்டைப் பார்த்த சுவரில் படத்தை ஒட்டினேன். சனிக்கிழமை அவள் போனில் பேசிக்கொண்டே வந்தாள். கீழே காரில் கணவர் காத்திருந்தார். சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தாள்.

"என்னடி இது, கொசுவலையா?"

இன்னும் தூரப் போய் நின்று பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வீம்பு. "ஏதோ டிசைன்," என்றேன். அடுப்படியில் வத்தக்குழம்பு மூடியபடியே இருந்தது.

மிக்ஸியை அணைத்துக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்கு நடந்தாள். லிஃப்டில் ஏறித் திரும்பியவள் திகைத்து நின்றாள்.

"ஏய்! அது நான்தானடி!"

கதவு மூடிக்கொண்டது. ஓடினேன். லிஃப்ட் கீழே இறங்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து பார்க்க, என் வீட்டு வாசலில் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போக எனக்கு மனசே வரவில்லை.