குழலை விட்டு வராத சுருட்டு

அவர் தன் வாழ்நாளில் ஒரு சுருட்டைக்கூடப் பற்றவைத்ததில்லை. ஆனால் ஒரு சுருட்டு எப்படிப் படுத்தால் அதற்கு இடுப்பு வலிக்காது, எந்தப் பக்கம் தலைவைத்தால் நசுங்காது, பயணத்தில் எவ்வளவு குலுக்கல் தாங்கும் என்று கேட்டுவிட்டால் போதும், கைக்குழந்தையைப் பற்றிப் பேசுகிற தாய்மாதிரி ஆரம்பித்துவிடுவார். பதினெட்டு வருஷமாக அவருடைய வேலை அதுதான். ஒற்றைச் சுருட்டு ஒன்று உடையாமல், காய்ந்துபோகாமல், வாங்கியவர் சட்டைப்பையில் பத்திரமாக இருக்க அலுமினியத்தில் ஒரு குழல் செய்வது.

தொழிற்சாலையில் அவருக்கு 'அரைமில்லி' என்று பெயர். அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் யாரென்று பார்க்காமல் சண்டைக்குப் போவதால் வந்த பெயர். புதிதாகக் கேட்பவர்கள் ஆள் குடிப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பாவம், அவர் சோடாவையே பாதிதான் குடிப்பார்.

வீட்டிலும் ஆள் மாறுவதில்லை. குடை வாங்கி வந்தால் குடையை ஓரமாகச் சாய்த்துவிட்டு அதன் உறையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மெழுகுவத்தி, பல் துலக்கும் பிரஷ், மகளின் பென்சில் என்று நீளமாகவும் உருண்டையாகவும் இருக்கிற எதையும் அவர் கையில் கொடுக்கக் கூடாது. சட்டைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்துவிட்டுத்தான் திருப்பித் தருவார்.

"கல்யாண மோதிரத்தை எங்கேயோ தொலைச்சாச்சு. அது வந்த டப்பாவை மட்டும் இன்னும் அலமாரியில பூட்டி வச்சிருக்கார்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவர் அதை மறுத்ததில்லை. டப்பா நல்ல டப்பா.

அந்தத் தொழிற்சாலையில் மூன்று பகுதிகள். ஒன்றில் பற்பசைக்கும் களிம்புக்குமான டியூப் போடுவார்கள். இன்னொன்றில் பிளாஸ்டிக் மூடி. மூன்றாவது அரைமில்லியுடையது. ஒரு மேஜை, ஒரு வரைபலகை, சன்னலோரம் ஓர் இயந்திரம். பொத்தானைவிடச் சற்றுப் பெரிய அலுமினிய வில்லையை அதில் வைத்து ஒரே ஒரு குத்து. வில்லை அப்படியே எழும்பி நீளக் குழலாக நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அவருக்கு அது அலுத்ததில்லை.

இத்தனை வருஷமும் சுருட்டுக் கம்பெனிகளே குழலின் வரைபடத்தை அனுப்பிவிடும். அவர் அதைத் திருத்தி, அச்சுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பார். அந்த வருஷம்தான் முதல்முறையாக ஒரு பெரிய கம்பெனி, குழலை நீங்களே வடிவமைத்துக் காட்டுங்கள், மூன்று தொழிற்சாலைகளிடம் கேட்டிருக்கிறோம், பிடித்ததை எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியது.

மேனேஜர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேனேஜர் உட்காரச் சொன்னாலே அது நல்ல சேதி இல்லை.

"இது கிடைச்சா உங்க மேஜை இருக்கும். கிடைக்கலைன்னா உங்க பகுதியை மூடிடலாம்னு மேல சொல்லிட்டாங்க."

"நான் எங்க சார் போறது?"

"மூடிப் பகுதியில ஒரு இடம் இருக்கு."

அரைமில்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூடிப் பகுதிக்குத் தலைவர் வேறு யாருமல்ல, அவருடைய மனைவியின் தம்பி. வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த பையனை ஏழு வருஷத்துக்கு முன் கைப்பிடித்து அங்கே கொண்டுவந்து சேர்த்ததே இவர்தான். இப்போது அவனுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அறை இருக்கிறது.

சேதி சாப்பாட்டு நேரத்துக்குள் அவன் காதுக்கும் போய்விட்டது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு இவர் மேஜைக்கே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"மாமா, ஒரு சந்தேகம். நீங்க என் பகுதிக்கு வந்தா நான் உங்களை மாமான்னு கூப்பிடறதா, பேர் சொல்லிக் கூப்பிடறதா?"

"நீ கூப்பிடவே வேணாம். நான் வரலை."

"லீவு வேணும்னா முதல் நாளே சொல்லிடணும் மாமா. அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்ல முடியாது. நான் போன் போட்டுக் கேட்டுடுவேன்."

"சாப்பிடு மாப்ள."

"காலையில எட்டு மணிக்கு வரணும். எட்டு அஞ்சு ஆனா எனக்கே சங்கடம்."

அரைமில்லி அன்று சாப்பாட்டைப் பாதியில் மூடினார். இந்தக் குழல் ஜெயிக்காவிட்டால் தினம் எட்டு மணி நேரம் இந்த வாயைக் கேட்கவேண்டும். வீட்டுக்குப் போனால் அக்காவும் தம்பியும் சேர்ந்து மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு மாதம் உழைத்தார். அந்த உழைப்பில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. சுருட்டு உள்ளே ஆடக் கூடாது, ஆடினால் தலை நசுங்கும். எனவே குழலைச் சுருட்டின் உடம்போடு ஒட்டினாற்போல வடிவமைத்தார். உள்ளே வாசனைக்காகத் தேவதாரு மரத்தைக் காகிதம்போலச் சீவிய மெல்லிய தாளைச் சுற்றி, அதைக் குழலின் விளிம்போடு இம்மியும் வெளியே தெரியாமல் வெட்டினார். மேலே அரைவிரல் உயரத்தில் ஓர் அலுமினிய மூடி. மேனேஜர் கனத்த உடம்புக்காரர். குழலை நாற்காலியில் வைத்து அவரை அதன்மேல் உட்காரச் சொன்னார். மேனேஜர் எழுந்தபோது குழலில் ஒரு கீறல்கூட இல்லை.

எல்லாம் சரிதான். ஆனால் உள்ளே இருந்தது மரச் சுருட்டு.

அந்தக் கட்டடத்துக்குள் புகையிலை வரக் கூடாது என்று ஒரு விதி உண்டு. பக்கத்திலேயே களிம்பு டியூப் ஓடுகிறதே, வாசனை ஏறிவிடும். அதனால் ஒரு தச்சரிடம் சொல்லிச் சுருட்டின் அளவில் மரத்தில் கடைந்து வாங்கியதுதான் அவருடைய சுருட்டு. பதினெட்டு வருஷம் அதை வைத்தே காலம் ஓடியது. அடுத்தவர் வரைந்த குழல்தானே, ஒரு குறையும் வரவில்லை. நாளாக ஆக, சுருட்டு என்றால் அவர் மனதில் அந்த வழவழப்பான பழுப்பு மரத்துண்டுதான் வந்து நிற்கும். நிஜச் சுருட்டு என்று ஒன்று வெளியே இருப்பதே மறந்துபோயிற்று.

சோதனை நாளன்று சுருட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். சுருட்டின் தரம் பார்ப்பது அவர் வேலை. நரைத்த தலை, நிதானமான பேச்சு. விதியை மதித்து, கதவுக்கு வெளியே காவலாளியின் அறையில்தான் சோதனை என்று முடிவாயிற்று. மேனேஜர், அரைமில்லி, வேடிக்கை பார்க்க மச்சினன், எல்லோரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள்.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துக் குழலுக்குள் விட்டார். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. மூடியைப் போட்டு, தோள் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் மூன்று முறை போட்டார். ஒன்றும் ஆகவில்லை.

"பிரமாதம்" என்றார். மேனேஜர் மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கூரையைப் பார்த்தான்.

பிறகு அந்த அம்மா மூடியைக் கழற்றிக் குழலைக் கவிழ்த்தார். சுருட்டு வரவில்லை. தட்டினார். வரவில்லை. உள்ளங்கையில் ஓங்கித் தட்டினார். சுருட்டு குடியிருக்க வந்ததுபோல் அசையாமல் இருந்தது. இலை ஈரப்பதத்தில் சற்று உப்பி, மரத்தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பின்னால் காற்று புக வழியில்லை. கடைசியில் நகத்தால் நெம்பியதில் மேலிலை கிழிந்து பாதிதான் வெளியே வந்தது.

காவலாளி மட்டும், "உள்ளே நல்லா வசதியா இருக்கு போல" என்றார்.

"இதுல நிஜச் சுருட்டைப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எவ்வளவோ தடவை மேடம்" என்றார் மேனேஜர்.

அரைமில்லி தொண்டையைச் செருமினார். ஆமாம் என்று தலையாட்டினால் பழியை இந்த ஒரு சுருட்டின் மேல் போட்டுவிடலாம். ஆனால் பதினெட்டு வருஷமாக அளவைக் கூட்டிக் குறைத்துச் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

"இல்லைங்க. ஒரு தடவைகூடப் போடலை. மரத்துல செஞ்சதை வச்சுத்தான் பார்த்தேன்."

மேனேஜரின் முகம் களிம்பு பூசியதுபோல ஆயிற்று. அந்த அம்மா கிழிந்த சுருட்டையும் இவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல இருபது இருக்கு. மத்த ரெண்டு பேரோட டியூபும் கீழே விழுந்ததும் நசுங்கிப்போச்சு. அதனால கேக்கறேன். பத்து நாள்ல சரிபண்ண முடியுமா?"

அன்றிலிருந்து அரைமில்லியின் அலுவலகம் காவலாளியின் அறைக்கு மாறியது. சுருட்டு உள்ளே போகக் கூடாதே. வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார்.

"தாராளமா எடுத்துட்டு வாங்க. நான் தம்பி வீட்டுல இருக்கேன், முடிஞ்சதும் சொல்லியனுப்புங்க" என்றாள்.

இருபது சுருட்டையும் வரிசையாக வைத்து அளந்தார். இருபதும் இருபது அளவு. ஒன்றுக்கு வயிறு பருத்திருந்தது, ஒன்று லேசாகக் கோணியிருந்தது. சந்தேகப்பட்டுச் சாயங்காலம் மறுபடி அளந்தால் காலையில் பார்த்த சுருட்டே கொஞ்சம் தடித்திருந்தது. வெளியே மழை பெய்திருந்தது, அவ்வளவுதான். இப்படி நேரத்துக்கு ஒரு பேச்சு பேசுகிற பொருளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"சார், கையால சுத்தறதுதானே, அப்படித்தான் இருக்கும்" என்றார் காவலாளி.

"அதுக்குன்னு இப்படியா" என்றார் அரைமில்லி, சுருட்டைப் பார்த்து.

குழலைத் தளர்த்திப் பார்த்தார். சுருட்டு சுலபமாக வந்தது, ஆனால் கீழே போட்டதும் தலை உடைந்தது. இறுக்கினால் ஒட்டிக்கொள்கிறது. மூன்று நாளில் ஏழு சுருட்டு போயிற்று. நான்காம் நாள் தளர்வான குழலில், மரத்தாளை இரண்டு சுற்றாகச் சுற்றி விட்டுப் பார்த்தார். தாள் வில்போல விரிந்து சுருட்டை நடுவில் பிடித்துக்கொண்டது. போட்டார், உடையவில்லை. ஆனால் வெளியே எடுப்பது? தாளைப் பிடித்து இழுத்தால் சுருட்டும் சேர்ந்து வந்துவிடும். பிடிக்க வேண்டுமென்றால் தாள் குழலுக்கு வெளியே ஒரு விரல்நுனி அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பது என்பது அவருக்குச் சட்டையை அரையும்குறையுமாகச் செருகிக்கொண்டு வெளியே போவதுமாதிரி. ஒரு மணி நேரம் அந்தத் தாளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு நீளமாகவே வெட்டினார். இழுத்தார். சுருட்டு முழுசாக, அலுங்காமல் வந்தது.

இப்போது மூடிதான் பிரச்சினை. தாள் நீட்டிக்கொண்டிருப்பதால் அரைவிரல் மூடி போதாது, உயரமாக வேண்டும். அலுமினியத்தில் புது மூடிக்கு அச்சு செய்ய ஒரு மாதம் ஆகும். மீதி இருப்பது ஆறு நாள். ஆறு நாளில் பிளாஸ்டிக்கிலாவது புது மூடி போட்டுத் தரக்கூடிய இடம் அந்தக் கட்டடத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அதற்குக் கண்ணாடிக் கதவு.

அரைமில்லி அந்தக் கதவுக்கு வெளியே இரண்டு முறை நடந்தார். மூன்றாவது முறை கதவு தானாகத் திறந்தது.

"உள்ள வாங்க மாமா. நீங்க நடக்கறதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கால் வலிக்குது."

"ஒரு மூடி வேணும் மாப்ள."

"யாருக்கு?"

"டியூபுக்குத்தான்."

"போன மாசம் என் மூடியை எடுத்துப் பார்த்துட்டு ஷாம்பு டப்பாவோட தொப்பின்னு சொன்னீங்க. அந்த மாதிரி மூடியா?"

"அது சும்மா சொன்னது."

"மேனேஜர் முன்னாடி சொன்னீங்க."

"தப்புதான். உன் மூடி நல்ல மூடி. ஆறு நாளைக்குள்ள வேணும். நீ போட்டுக் குடுத்தா நான் உன் பகுதிக்கு வர வேண்டியிருக்காது."

"அதுக்காகவே போட்டுத் தரேன்" என்றான் மச்சினன். "நீங்க வெர்னியரோட இங்க வந்து உட்கார்ந்தா என் ஆளுங்க பாதிப்பேர் வேலையை விட்டுடுவாங்க."

கேட்ட நான்காம் நாளே மூடி வந்துவிட்டது. அரைமில்லி அதை அளந்தார். குறை கண்டுபிடிக்க முடியாத வருத்தத்தோடு கீழே வைத்தார்.

பத்தாம் நாள் அந்த அம்மா வந்தார். மூன்று முறை கீழே போட்டார். மூடியைத் திறந்ததும் நீட்டிக்கொண்டிருந்த தாளைப் பார்த்து ஒரு நொடி நிறுத்தினார். இரண்டு விரலால் தாளைப் பிடித்து இழுத்தார். சுருட்டு வந்தது. மறுபடி உள்ளே தள்ளி, மறுபடி இழுத்தார். அதற்கப்புறம் வேலையை மறந்து நாலைந்து தடவை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

"இந்த வால் நல்லாயிருக்கு" என்றார்.

ஆர்டர் வந்தது. மேஜை பிழைத்தது. ஆனால் அதோடு மேல் அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதமும் வந்தது. குழல் ஒரு பகுதியிலும் மூடி இன்னொரு பகுதியிலும் தயாராவதால், இனி ஒவ்வொரு வரைபடத்திலும் இரண்டு கையெழுத்து வேண்டும். வரைந்தவர் என்ற கட்டத்தில் அரைமில்லி. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் மூடிப் பகுதித் தலைவர்.

முதல் வரைபடத்தை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். மச்சினன் அதை மேஜைமேல் விரித்துக்கொண்டு வரிவரியாகப் படித்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறான் என்று அரைமில்லி எதிர்நாற்காலியில் கொதித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இங்க ஒரு புள்ளி விட்டுட்டீங்க" என்றான் அவன் மெதுவாக. கிண்டல் இல்லாத குரல்.

"எங்க?"

அவன் விரல் வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தார். குழலின் சுவர் கனம். தசமப் புள்ளியைக் காணோம். அப்படியே போயிருந்தால் சுவர் பத்து மடங்கு கனமாக வந்திருக்கும். சுருட்டு போகவே இடம் இருந்திருக்காது.

அரைமில்லி பேனாவைத் திறந்து புள்ளியை வைத்தார். ஏதாவது சொல்லப்போகிறான் என்று காத்திருந்தார். அவன் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுத் தாளைச் சுருட்டி அவரிடம் நீட்டினான். அவருக்கே ஆச்சரியம். பையன் பெரிய மனிதனாகிவிட்டான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே சாயங்காலம் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள், "புள்ளியை வச்சாச்சா?"