துமிராவின் தேக்கு அலமாரி

ஜாவாவின் செமராங் நகரில் பஞ்சர் கடை நடத்தும் துமிராவைக் கணவன் விட்டுப்போன மறுமாதம், அவன் அண்ணன் காஸ்மிஜான் இரண்டு ஆட்களோடு வந்து, கல்யாணத்துக்குத் தங்கள் வீட்டில் கொடுத்த தேக்கு அலமாரியைத் திருப்பிக் கேட்டார்.

"உள்ளதான் இருக்கு. வந்து பாருங்க, மாமா."

அலமாரிக் கதவுகளில் பலகைக்குப் பதில் கம்பிவலை இருந்தது. அடியில் ஒரு முழம் மண், மூலையில் தண்ணீர்த் தொட்டி, மேலே சூட்டுக்கு ஒரு பல்பு. அதன் கீழே நாலடி நீள உடும்பு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கால்வாயில் குட்டியாகக் கிடைத்ததை அவள்தான் வளர்த்தாள். பழைய கூண்டு போதாததால், தன் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு அலமாரியை அதற்குக் கொடுத்திருந்தாள்.

"அடிப்பாவி! எங்கப்பா இழைச்ச அலமாரில பல்லியா?"

"உடும்பு, மாமா. உங்க தம்பி மாதிரி சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போகாது. வேணும்னா இவனை வெளிய எடுத்து வச்சிட்டு அலமாரியைத் தூக்கிட்டுப் போங்க."

ஓர் ஆள் அலமாரிக் கதவின் கொக்கியைத் தொட்டான். உடும்பு சீறி, வாலால் வலையில் அறைந்தது. இருவரும் வாசலுக்கே போய்விட்டார்கள்.

"உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்கிறேன் பாரு!"

"தாராளமா இழுங்க. நாங்க இங்கயேதான் இருப்போம்."

அவர் போன பிறகு துமிரா சுத்தியலை எடுத்து, அலமாரிக் கதவில் இரண்டாவது கொக்கியை அடித்தாள்.