செலின் மிஸ்ஸின் சுவர்

இன்று காலை உப்பளம் பகுதியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் ஆயாம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் எலுமிச்சைப்புல் எண்ணெய் கலந்திருப்பார் போல. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடம் அந்த வாசனைக்குள்தான் சம்பளம் வாங்கினேன்.

கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டை ஓட்டலாக்கியிருந்தார்கள். அங்கே ஹவுஸ்கீப்பிங் என் பொறுப்பு. விருந்தினர் காலிசெய்து போனால், அவர் இருந்த சுவடே தெரியாமல் அறையைத் துடைக்க வேண்டும். "முன்னால தங்குனவரோட ஒரு முடி கெடந்தாகூட நாம தோத்துட்டோம்" என்பேன், ஏதோ போர்க்களத்தில் நிற்பவன் மாதிரி.

கொரோனாவில் ஓட்டல் மூடியது. என்றோ அஞ்சல் வழியில் முடித்த பி.எட். கைகொடுத்தது. பள்ளிகள் திறந்ததும், பிரசவ விடுப்பில் போன செலின் மிஸ்ஸுக்குப் பதிலாக ஆறு மாதம் மூன்றாம் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். முதல் நாள் ஏழரைக்கே போய்விட்டேன். வகுப்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. ஓர் ஆள் போய் வேறோர் ஆள் வருவது, அவ்வளவுதானே? சுவரில் ஒட்டியிருந்த பிறந்தநாள் அட்டவணை, மேசைமேல் காகிதப்பூ, கரும்பலகை ஓரத்தில் செலின் மிஸ் வரைந்துவைத்த மீன் எல்லாவற்றையும் எடுத்து, துடைத்து, பளிச்சென்று ஆக்கிவிட்டேன்.

பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். குருசுக்குப்பத்துக் கயல்விழி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கேட்டாள்: "சார், எங்க மிஸ்ஸு செத்துட்டாங்களா?"

வகுப்பே அழ ஆரம்பித்தது. அட்டவணையைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, நீவி, திரும்ப ஒட்டினேன். அதன் உச்சியில் செலின் மிஸ்ஸின் பெயர், சிவப்பு ஸ்கெட்ச்சில். சுற்றிப் பூ வேறு.

அன்று பிடித்தது பொறாமை, முகம்கூடப் பார்க்காத ஒருவர்மேல். வாய்ப்பாடு சொன்னால், "மிஸ்ஸு பாட்டாவே பாடுவாங்க சார்." கதை சொன்னால், "மிஸ்ஸு கொரல மாத்திப் பேசுவாங்க சார்." வீட்டில் ஏழாம் வாய்ப்பாட்டைப் பாடிப் பழகினேன். மனைவி எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். செலின் மிஸ்ஸுக்குப் பெண் பிறந்த செய்தி வந்து வகுப்பு கைதட்டியபோது நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

ஐந்தாம் மாதம் ஒருநாள் கயல்விழி, "ஒங்க பொறந்த நாள் எப்போ சார்?" என்றாள். சொன்னேன். அட்டவணையின் அடியில் பென்சிலால் என் பெயரை எழுதினாள். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான்.

கடைசி நாள், பழக்கத்தில் என் சுவடெல்லாம் துடைத்தேன். அந்தப் பெயரில் மட்டும் கை வைக்கவில்லை. பத்து நாள் கழித்து அனுபவச் சான்றிதழ் வாங்கப் போனபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். செலின் மிஸ் அந்தப் பென்சில் எழுத்தின்மேல் சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதி, சுற்றிப் பூவும் போட்டிருந்தார். அழித்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அந்தப் பெரிய மனசும் அவருக்கேதான் வாய்க்க வேண்டுமா என்று வயிறு எரிந்தது.

இன்று நான் நின்றதும் அதே பள்ளி வாசல்தான். வேறு யாருடைய விடுப்புக்கோ ஒரு மாதம் வந்திருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்தால், அந்த வகுப்பு இப்போது கம்ப்யூட்டர் லேப். கயல்விழி பெரிய பள்ளிக்குப் போய்விட்டாள். செலின் மிஸ் கணவரோடு பிரான்சுக்குப் போய்விட்டாராம். சுவருக்குப் புது வெள்ளை அடித்து, ஒரு சுவடு விடாமல் முடித்திருக்கிறார்கள். என் கண் முதலில் தேடியது அவர் பெயரைத்தான். இல்லை என்றதும் சந்தோஷம் வரும் என்று கொஞ்சநேரம் காத்திருந்தேன். இனி பொறாமைப்பட அந்தச் சுவரில் எனக்கு ஒன்றுமே இல்லை.