அவுட்டரில் ஒரு வளைகாப்பு

போன வெள்ளிக்கிழமை எங்கள் ரயில் சரியான நேரத்துக்குத் திருப்பதி வந்து சேர்ந்தது. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

விஷயத்துக்கு வருகிறேன். புத்தூரிலிருந்து தினமும் திருப்பதிக்கு வேலைக்குப் போகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷனை இடித்துக் கட்டுகிறார்கள் என்பதும் தெரியும் – வாரம் தவறாமல் இந்தப் பத்தியில் புலம்புகிறேனே! பிளாட்பாரம் காலியில்லை என்று, ரேணிகுண்டா தாண்டியதும் எங்கள் ரயிலை அவுட்டர் சிக்னலில் நிறுத்திவிடுவார்கள். அரை மணி... சில நாள் அதற்கும் மேலே. அந்த நேரத்தில் நாங்கள் கீரை ஆய்ந்திருக்கிறோம். ஒருத்தி புடவைக்கு ஃபால்ஸே தைத்து முடித்தாள்.

ஸ்டேஷன் வாசலில், வரப்போகும் கட்டடத்தின் படம் போட்டுப் பெரிய போர்டு. கண்ணாடிச் சுவர், எஸ்கலேட்டர், டிராலி இழுக்கும் கோட் சூட் ஆசாமிகள். ஒரு மொட்டைத் தலைகூட இல்லை. திருப்பதி என்று எப்படி நம்புவது?

எங்கள் லேடீஸ் கோச்சில் வருகிறவள் லாவண்யா. ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். காதல் கல்யாணம், இரண்டு வீட்டோடும் பேச்சு வார்த்தை இல்லை. இப்போது ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், அப்புறம் பிரசவ லீவு.

“எனக்கு யாருக்கா வளையல் போடப் போறாங்க?” என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நகரியிலிருந்து பூக்கூடையோடு வரும் ராணியக்கா விடவில்லை.

“நாங்க இன்னா செத்தா பூட்டோம்? வெள்ளிக்கெழம ரயில்லயே போட்டுடலாம்.”

“ஓடற ரயில்லயா? கண்ணாடி வளையலாச்சேக்கா, ஆட்டத்துல ஒடஞ்சிட்டா?” என்றேன்.

“ஓடறப்ப எதுக்குப் போடணும்? அவுட்டர்லதான் தெனம் நின்னுக்கினு கீதே! ரேணிகுண்டால பாதிக் கூட்டம் எறங்கிடும். சாவகாசமா போடலாம்.”

ரயில்வேயை நம்பி இப்படி ஒரு திட்டம் யாராவது போடுவார்களா? நாங்கள் போட்டோம். வளையல் என் பொறுப்பு. புளிசாதம், தயிர்சாதம் மற்றவர்கள். ஆரத்தித் தட்டில் கற்பூரம் மட்டும் கிடையாது – ரயிலில் நெருப்பு கூடாதே.

வெள்ளிக்கிழமை. ரேணிகுண்டா தாண்டியதும் லாவண்யாவுக்கு மாலை போட்டு உட்கார வைத்தோம். வேகம் குறைந்தது. ராணியக்கா சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

ரயில் நின்றால்தானே?

அவுட்டர் தன் பாட்டுக்குப் பின்னால் போனது. இத்தனை மாதம் தகரம் வைத்து மறைத்திருந்த புது பிளாட்பாரத்தை அன்றைக்கென்று பார்த்துத் திறந்திருக்கிறார்கள்! பளபளவென்று கிரானைட் தரை. எங்கள் ரயில் ஜம்மென்று போய் நின்றது. இதற்குத்தானே நாங்களும் ஏழுமலையானை வேண்டினோம்... இன்றைக்கா அவருக்குக் காது கேட்க வேண்டும்?

“பரவால்லக்கா, இன்னிக்காவது எல்லாரும் டைமுக்கு டூட்டிக்குப் போலாம். எனக்குக் குடுத்து வச்சது இவ்ளோதான்.” லாவண்யா மாலையைக் கழற்றப் போனாள்.

“கழட்டுனா கைய ஒடிச்சிடுவேன். எறங்குடி!” என்றார் ராணியக்கா.

புது பிளாட்பாரத்தின் புது பெஞ்சில் அவளை உட்கார வைத்தோம். முதல் வளையல் ஏறுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. விசில் ஊதிக்கொண்டு ஒரு பெண் போலீஸ் வந்தார்.

“ஏமண்டி, இக்கட ஃபங்க்ஷனா?”

போச்சுடா, இங்கே விசேஷம் கூடாது என்று விரட்டப் போகிறார் என்று நினைத்தேன். ராணியக்கா அசரவில்லை. “அம்மாயிக்கி எவரூ லேரு மேடம், சொந்தம்னு யாரும் இல்ல. நாங்கதான் எல்லாம்.”

அந்தம்மா லாவண்யாவைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “ஜருகண்டி! ஜருகண்டி!”

மலையில், சந்நிதியில் நம்மை நகரச் சொல்லித் தள்ளிவிடும் அதே ஜருகண்டிதான். அன்று ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக் காற்று வரட்டும் என்று ஒலித்தது. விலக்கிவிட்டு, அவரே இரண்டு வளையல் போட்டார். மலையிறங்கி வந்த ஒரு குடும்பம், சந்தனம் பூசிய மொட்டைகளோடு வரிசையில் நின்று அட்சதை போட்டது. ஒரு லட்டையும் மடியில் வைத்தது. போர்டுப் படத்தில் விட்டுப்போன ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

இரண்டு கையும் நிறைந்ததும் லாவண்யா அழுதாள். நாங்களும்தான். அப்போது பார்த்துக் கடை மேனேஜரிடமிருந்து போன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வளையல் குலுங்க எடுத்தாள்.

“சாரி சார்... ட்ரெயின் கரெக்ட் டைமுக்கு வந்துட்ச்சி. அதான் லேட்டு!”